வீட்டில் சொன்ன பிறகு: கேட்டவர்களுக்கு என்ன ஆகிறது?

தன்பாலீர்ப்பு உள்ள மகனோ, இருபாலீர்ப்பு உள்ள மகளோ, திருநங்கையாகவோ திருநம்பியாகவோ (மகளாக வளர்ந்து தன்னை ஆணாக உணர்பவர்) தன்னை உணரும் பிள்ளையோ அதைத் தன் வாயால் நெருங்கியவர்களிடம் சொல்வதைத்தான் கம்மிங் அவுட், அதாவது வெளியே வருதல், என்கிறோம். சொல்பவருக்கு அது எவ்வளவு கடினம் என்று இப்போது தமிழில் ஓரளவு பேசப்படுகிறது. கேட்டவர்களைப் பற்றிப் பேச்சு குறைவு. அம்மா அன்றிரவு தூங்கினாரா, அப்பா ஏன் நாலு நாளாக வாயே திறக்கவில்லை, தங்கைக்கு ஏன் கோபம், உயிர் நண்பன் ஏன் வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டும் பதில் போடவில்லை? இந்தக் கட்டுரை அவர்களுக்கானது. சொன்ன பிள்ளைகள் படித்தாலும் பயன்படும்.

பிள்ளை சொன்ன நிமிடத்தில் ஒரு ரகசியம் கைமாறுகிறது. அதுவரை ஒருவர் மட்டும் சுமந்தது, இனி வீடே சுமக்க வேண்டியதாகிறது. பெரியம்மா போன் செய்து "பையனுக்கு வரன் பாக்குறீங்களா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று இனி அம்மா யோசிக்க வேண்டும். பிள்ளை வெளியே வந்த அன்றைக்கே பெற்றோர் உள்ளே போய் ஒளிந்துகொள்கிறார்கள். முதல் நாள் அழுகையும் கத்தலும் பெரும்பாலான உறவுகளில் ஆறிவிடும். அந்த ரகசியத்தை வைத்துக்கொண்டு அடுத்த சில மாதங்களில் வீடு என்ன செய்கிறது என்பதில்தான் உறவு நிற்பதும் உடைவதும் இருக்கிறது.

ஏன் இவ்வளவு அதிர்ச்சி

பிள்ளைக்கு இது புதுச் செய்தி அல்ல. பலருக்குப் பள்ளிக்கூட வயதிலேயே ஏதோ புரிபடத் தொடங்கிவிடும். அது என்னவென்று தெரிந்துகொள்ளச் சில வருடம், தனக்குள் ஒத்துக்கொள்ளச் சில வருடம், நம்பிக்கையான ஒரு நண்பரிடம் சொல்ல இன்னும் சில வருடம் என்று போய், வீட்டில் சொல்வது கடைசியாகத்தான் வரும். அதுவும் நம் வீடுகளில் பெரும்பாலும் ஜாதகத்தை வெளியில் எடுக்கிற நேரத்தில். தரகரிடம் போட்டோ போய்விட்டது, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போக வேண்டும் என்ற கட்டத்தில், வேறு வழியில்லாமல் சொல்கிறவர்கள் நிறைய. செய்தி ஒரு அடி என்றால், நடந்துகொண்டிருந்த கல்யாண ஏற்பாடு சட்டென்று நிற்பது இன்னொரு அடி. இரண்டும் பெற்றோர் மேல் ஒரே நேரத்தில் விழுகின்றன.

மகன் பல வருடங்களில் நடந்து வந்த தூரத்தை அம்மாவும் அப்பாவும் ஒரே மாலையில் கடக்க முடியாது. "ஏன் இன்னும் புரிஞ்சுக்க மாட்டேங்கறீங்க?" என்று மூன்றாவது நாளே மகன் கேட்பதும், "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தான்" என்று அம்மா சொல்வதும் இந்தக் கால இடைவெளியால்தான். நேற்றும் அவர் அப்படித்தான் இருந்தார். வீட்டுக்குத் தெரிந்ததுதான் இன்று.

அதன் பிறகு வரும் கேள்விகள் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். முதலாவது, "எங்க வளர்ப்புல என்ன தப்பு?" இந்தக் கேள்வியோடு அம்மாக்கள் பழைய ஆல்பத்தைக் கையில் எடுக்கிறார்கள். மூன்று வயதில் பையனுக்குப் பாவாடை சட்டை போட்டு, பூ ஜடை தைத்து, ஸ்டூடியோவில் கண்ணாடி முன்னால் நிறுத்தி எடுத்த போட்டோ ஒன்று பல தமிழ் வீடுகளில் உண்டு. பாட்டியோ அத்தையோ ஆசைக்குச் செய்தது. அந்தப் போட்டோவைப் பார்த்து, "அன்னைக்கே இப்படிப் பண்ணியிருக்கக் கூடாது" என்று அம்மா அழுவார். அதே ஜடையைத் தைத்துக்கொண்ட அண்ணன்மார், சித்தப்பா மகன்கள் எல்லாம் கல்யாணமாகிப் பிள்ளை குட்டியோடு இருக்கிறார்கள் என்பது அந்த நேரத்தில் அவர் கண்ணில் படாது. ஹாஸ்டலில் சேர்த்தது, அப்பா துபாயில் இருந்தது, அம்மா வேலைக்குப் போனது, அதிகச் செல்லம், அதிகக் கண்டிப்பு என்று குற்றப் பட்டியல் நீளும். இவற்றில் எதுவும் காரணம் என்று ஆய்வுகள் காட்டியதில்லை. 2019இல் சுமார் 4.77 லட்சம் பேரின் மரபணுத் தரவை வைத்து வெளியான பெரிய ஆய்வு, தன்பாலீர்ப்புக்கு ‘இந்த ஒரு மரபணுதான்’ என்று காட்ட ஏதும் இல்லை, சின்னச் சின்னப் பங்களிப்புகள் பல சேர்ந்தது அது என்றது. யாரும் பழக்கிவிட்டு வருவதும் அல்ல, யாரும் திருத்திப் போவதும் அல்ல.

நோயா என்ற கேள்விக்கும் பதில் பழையது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று நீக்கியது. இந்திய மனநல மருத்துவச் சங்கம் 2018இல் இது நோயல்ல என்று வெளிப்படையாகச் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பர் 6ஆம் தேதி, வயதுவந்த இருவர் மனமொத்து வாழ்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு வழக்கில் தீர்ப்பளித்தது. அப்பாக்கள் பலருக்கு இந்தக் கடைசித் தகவல்தான் முதலில் தேவைப்படுகிறது. "போலீஸ் கேஸ் ஆகுமா?" என்ற பயம் அவர்கள் வாயைக் கட்டிப்போட்டிருக்கும்.

பெற்றோர் எதை இழக்கிறார்கள்

ஈர்ப்பு யார்மேல் என்பதைவிட, பத்திரிகை அடிப்பது, மண்டபம் பிடிப்பது, மருமகள் வருவது, வளைகாப்பு, பேரன் பேத்தி என்று இருபது வருடமாக மனதில் கட்டி வைத்திருந்த வரிசை முழுவதும் சரிவதுதான் பெற்றோரை உலுக்குகிறது. ஊரில் செய்த மொய்யெல்லாம் திரும்பி வர வேண்டிய கல்யாணம் அது. இதை அற்பம் என்று பிள்ளைகள் தள்ளிவிடக் கூடாது. நம் சமூகத்தில் அம்மா அப்பாவின் பாதி வாழ்க்கை அந்த வரிசையைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது.

இந்தப் பயங்களை ஒரு நீதிமன்ற ஆவணத்திலேயே படிக்கலாம். மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்தார்கள். காணவில்லை என்று இரு வீட்டாரும் போலீசில் புகார் கொடுத்தார்கள். பாதுகாப்புக் கேட்டு அந்தப் பெண்கள் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இது தனக்கே முழுதாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, தீர்ப்பு எழுதும் முன் உளவியல் ஆலோசகர் ஒருவரிடம் தானே அமர்ந்து பாடம் கேட்டார். பெற்றோரையும் ஆலோசனைக்கு அனுப்பினார். அந்தப் பெற்றோரைப் பற்றிய அறிக்கையில் இருந்தவை: ஊர் என்ன சொல்லும், மகள்களுக்கு என்ன ஆபத்து வரும், வம்சம் என்னாகும், தத்தெடுப்பது எப்படி. இன்னொரு பெண்ணோடு சேர்ந்து வாழ்வதைவிட மகள் கடைசிவரை தனியாகவே இருந்துவிட்டால் கௌரவம் என்றும் அவர்கள் நினைத்தார்கள். பிள்ளையின் தனிமையைக்கூடப் பொறுத்துக்கொள்ள முடிகிறது, ஊரின் வாயைப் பொறுக்க முடியவில்லை. பயம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பெற்றோர் தங்களுக்குள் கேட்டுப்பார்க்க இது நல்ல இடம்.

இந்த அனுபவத்தைத் துக்கத்தோடு ஒப்பிட்டு, அதிர்ச்சி, மறுப்பு, குற்ற உணர்வு, கோபம், ஏற்பு என்று படிப்படியாகச் சொல்லும் கையேடுகள் உண்டு. ஓரளவு சரிதான், ஆனால் வரிசையாக எதுவும் வராது. ஆறு மாதம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது அண்ணன் மகன் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த இரவில் அம்மா மறுபடி முதல் நாளுக்குத் திரும்புவார். அது பின்னடைவு அல்ல. ஒவ்வொரு சீமந்தத்திலும் தீபாவளியிலும் கொஞ்சம் வரும், போகும். துக்கத்தோடு ஒப்பிடுவதில் ஒரு பெரிய வித்தியாசமும் இருக்கிறது. இங்கே யாரும் இறக்கவில்லை. யாருக்காக அழுகிறோமோ அவர் பக்கத்து அறையில் உட்கார்ந்து அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அழ வேண்டும், கட்டாயம் அழ வேண்டும். பிள்ளையின் மடியில் அழுது, பிள்ளையே நம்மைத் தேற்றும்படி வைக்கக் கூடாது.

முதல் வாரம்

சொன்ன உடனே சரியான வசனம் பேச வேண்டியதில்லை. "எனக்கு இப்ப ஒண்ணும் புரியல. யோசிக்க நேரம் வேணும். ஆனா நீ என் பிள்ளைதான், அதுல மாத்தம் இல்ல." இது போதும். கடைசிப் பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். "நேரம் வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனால், பிள்ளை காதில் அது "வெளியே போ" என்று விழும்.

அடுத்தது, வீட்டின் வழக்கமான ஓட்டம் மாறாமல் இருக்க வேண்டும். இதைப் பலரும் கவனிப்பதில்லை. மகன் பெங்களூரில் வேலை செய்கிறான், தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மா போன் செய்து "சாப்ட்டியா?" என்று கேட்பார் என்றால், சொன்ன மறுநாள் அந்தப் போன் வருகிறதா என்றுதான் அவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். என்ன பேசுவது என்று தெரியாததால் அம்மா கூப்பிட மாட்டார். "அவங்களுக்கு என்மேல அருவருப்பு" என்று இவன் முடிவு கட்டுவான். இரண்டு நாள் இப்படிப் போனால் மூன்றாவது நாள் இருவருக்குமே போனை எடுக்கக் கை வராது. பேச ஒன்றும் இல்லையென்றாலும் அதே நேரத்துக்குக் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டு, வைத்துவிடுங்கள். வீட்டிலேயே இருக்கும் பிள்ளை என்றால் காலை காபி வழக்கம்போல் மேசைக்கு வர வேண்டும். நம் வீடுகளில் அன்பு பெரும்பாலும் இந்த வழியாகத்தான் பேசுகிறது. நின்றாலும் இந்த வழியில்தான் முதலில் தெரியும்.

மூன்று நான்கு நாளுக்குள் பெற்றோர் கேட்கக்கூடிய நல்ல கேள்விகள் இவை: இவ்வளவு நாள் இதைத் தனியாகவா வைத்திருந்தாய்? வேறு யாருக்குத் தெரியும்? பாதுகாப்பாக இருக்கிறாயா, யாராவது மிரட்டுகிறார்களா? நாங்கள் யாரிடமாவது பேசினால் உனக்குப் பரவாயில்லையா? கடைசிக் கேள்வி மிக முக்கியம். அம்மாவுக்கு ஒருவர், அப்பாவுக்கு ஒருவர் என்று பேசிக்கொள்ள ஆள் வேண்டும். அது யார் என்பதைப் பிள்ளையிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். யாருமே இல்லாமல் உள்ளேயே வைத்திருக்கும் அம்மா, ஒரு நாள் தாங்க முடியாமல் தவறான ஆளிடம் கொட்டிவிடுவார். ரகசியம் கசிவது கெட்ட எண்ணத்தால் மட்டும் அல்ல, இப்படித்தான் அதிகம். ஒரே ஊரில் கசிந்தாலே சிக்கல். உறவுகள் கடல் கடந்து இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். தன்பால் உறவைக் குற்றமாக்கும் பிரிவுகள் இலங்கையின் தண்டனைச் சட்டத்தில் 365, 365ஏ என்றும் மலேசியாவில் 377ஏ என்றும் இருக்கின்றன. சிங்கப்பூர் தன் 377ஏ பிரிவை 2022இல் நாடாளுமன்றத்தில் நீக்கிவிட்டது. பிள்ளை இலங்கையிலோ மலேசியாவிலோ வேலை செய்கிறார் என்றால், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போகும் ஒரு வரி வெறும் வம்பாக நிற்காது.

கேட்கக் கூடாதவையும் உண்டு. படுக்கை விஷயம், "உங்க ரெண்டு பேருல யாரு ஆம்பள?", "எயிட்ஸ் வந்துடுமா?" போன்றவை. கடைசிக் கேள்வி அக்கறையில் வருவதுதான், மறுக்கவில்லை. ஆனால் எச்ஐவி பரவுவது பாதுகாப்பில்லாத உறவாலும் ரத்தத்தாலும், யாரை விரும்புகிறார் என்பதால் அல்ல. அந்தக் கவலையை ஒரு நல்ல மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம், முதல் வாரத்தில் பிள்ளையிடம் கேட்க வேண்டாம்.

எங்கே தவறுகிறது

பெரிய தவறுகள் எல்லாமே அவசரத்தில் நடப்பவை. "ஒரு கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்பது முதல் தவறு. சரியாவதில்லை. ஒருவர் சுமந்த பாரம் மூன்று பேர் மேல் ஏறுகிறது, அவர்களில் ஒருவர் விவரமே தெரியாமல் கழுத்தை நீட்டிய அடுத்த வீட்டுப் பெண். திருமணஞ்சேரிக்குப் போய் மாலை வாங்கிவருவதை பிள்ளை பொறுத்துக்கொள்ளலாம். நிச்சயதார்த்தம் பேசுவது வேறு.

இரண்டாவது தவறு, மாற்றித் தருகிறேன் என்று சொல்பவரிடம் கூட்டிப்போவது. ஊசி, ஹார்மோன், ஷாக், மந்திரித்தல், பட்டினி என்று பெயர் எதுவானாலும் ஈர்ப்பை மாற்றும் சிகிச்சை ஒன்று கிடையாது. ‘வெற்றி’ என்று இவர்கள் காட்டுவது, பிள்ளை நன்றாகப் பொய் சொல்லக் கற்றுக்கொண்டதைத்தான். மேலே சொன்ன மதுரைப் பெண்கள் வழக்கில் 2021 ஜூன் 7ஆம் தேதி உத்தரவு இப்படிப்பட்ட முயற்சிகளைத் தடை செய்தது. அதன் தொடர்ச்சியாக தேசிய மருத்துவ ஆணையம் 2022இல், ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லிச் சிகிச்சை செய்வது மருத்துவர்களின் தொழில் ஒழுங்கீனம் என்று மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதியது. யாராவது ஒரு டாக்டர் "பத்து சிட்டிங்ல மாத்திடலாம்" என்றால் அவர் மேல் மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்க முடியும்.

மூன்றாவது, போனைப் பிடுங்குவது, வேலையை விடச் சொல்வது, அறையில் பூட்டுவது. பயத்தில் செய்கிறார்கள், புரிகிறது. ஆனால் பதினெட்டு வயது முடிந்த ஒருவரை அவர் விருப்பமில்லாமல் அடைத்து வைக்கச் சட்டத்தில் இடமில்லை. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஓர் ஆட்கொணர்வு மனு வந்தது. தன் தோழியை அவர் வீட்டார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பெண் தொடுத்த மனு அது. 25 வயதான அந்தத் தோழி, தன்னை வலுக்கட்டாயமாக வீட்டுக்கு இழுத்துப்போய் அடித்ததையும், ‘சரியாக’ வேண்டும் என்று சடங்குகள் செய்ய வைத்ததையும் நீதிபதிகளிடம் சொன்னார். மனு கொடுத்த பெண்தான் மகளைக் கெடுத்தார் என்பது அம்மாவின் வாதம். விருப்பப்படி போகலாம் என்று நீதிமன்றம் அந்தத் தோழியை விடுவித்தது. கல்யாணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்பதில்லை, தேர்ந்துகொண்ட குடும்பம் என்பதும் குடும்பமே என்றது. அந்தத் தாய் லீலா சேத் போன்றவர் அல்ல என்றும் தீர்ப்பில் ஒரு வரி வருகிறது. இந்தியாவில் ஓர் உயர் நீதிமன்றத்துக்குத் தலைமை நீதிபதியான முதல் பெண் லீலா சேத். தன் மூத்த மகன், எழுத்தாளர் விக்ரம் சேத் தன்பாலீர்ப்பு உள்ளவர் என்பதைத் தாங்களும் தடுமாறித்தான் ஏற்றுக்கொண்டோம் என்று வெளிப்படையாக எழுதியவர். அவ்வளவு படித்த, அவ்வளவு உயரத்தில் இருந்த அம்மாவுக்கே தடுமாற்றம் இருந்தது என்பதில் மற்ற அம்மாக்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு.

வீட்டின் எதிர்வினை பிள்ளையின் உயிரோடு எவ்வளவு நேரடியாகச் சம்பந்தப்பட்டது என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கெய்ட்லின் ரயன் தலைமையில் தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு உள்ள, 21 முதல் 25 வயதுவரையான 224 பேரிடம் நடத்தி 2009இல் வெளியிட்டது. வளரிளம் பருவத்தில் குடும்பத்தின் கடும் நிராகரிப்பைச் சந்தித்தவர்களில் தற்கொலைக்கு முயன்றதாகச் சொன்னவர்கள், நிராகரிப்பு இல்லாதவர்களையும் குறைவாகச் சந்தித்தவர்களையும்விட 8.4 மடங்கு அதிகம். கடும் மனச்சோர்வு 5.9 மடங்கு. அந்த ஆய்வு அளந்தது பெற்றோரின் மனக் கருத்தை அல்ல, செயல்களை: அடித்தார்களா, திட்டினார்களா, நண்பர்களைச் சந்திக்கவிடாமல் தடுத்தார்களா. மனம் ஒப்புக்கொள்ள எத்தனை வருடம் ஆனாலும் ஆகட்டும், இந்தச் செயல்களை இன்றைக்கே நிறுத்த முடியும்.

நான்காவது தவறில் சத்தமே இருக்காது. பேசவே மாட்டார்கள். தமிழ் வீடுகளில் இதுதான் மிக அதிகம். சொல்லியாயிற்று, அழுதாயிற்று, பிறகு அந்தப் பேச்சு வீட்டில் திரும்ப எழுவதே இல்லை. வரன் பார்ப்பது மட்டும் நின்றிருக்கும். "அதான் ஒண்ணும் சொல்லாம விட்டுட்டோமே" என்று அப்பா அதை ஏற்றுக்கொண்டதாகவே கருதுவார். பிள்ளைக்கோ, தன் வாழ்க்கையில் பாதியை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவதுபோல் இருக்கும். காதல் முறிந்தாலும் அம்மாவிடம் அழ முடியாது. இப்படிப் பத்து வருடம் ஓடிவிடுகிற வீடுகள் உண்டு. இதை உடைக்க இரண்டு வாரத்துக்குள், பிள்ளைக்காகக் காத்திருக்காமல், பெற்றோரில் ஒருவர் பேச்சை எடுக்க வேண்டும். நீண்ட பேச்சு வேண்டாம். "அன்னைக்கு நீ சொன்னதப் பத்தி நெனச்சுட்டுதான் இருக்கேன்" என்ற ஒரு வரி போதும், கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

உடன்பிறந்தோர், நண்பர்கள், மனைவி

தம்பி தங்கைகளுக்குப் பெரும்பாலும் பெற்றோருக்கு முன்பே தெரியும். அவர்களுக்கு ஈர்ப்பைப் பற்றிய அதிர்ச்சி குறைவு, தூது போகும் களைப்பு அதிகம். அண்ணன் சார்பாக அம்மாவிடமும், அம்மா சார்பாக அண்ணனிடமும் பேசிப் பேசி ஓய்ந்துபோவார்கள். கல்யாணமாகாத தங்கை என்றால் "என் சம்பந்தம் கெட்டுடுமோ" என்ற பயமும், அப்படி நினைத்ததற்காக வெட்கமும் சேர்ந்து கோபமாக வரும். அதைச் சுயநலம் என்று ஒதுக்காமல் வாய்விட்டுப் பேசவிட வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரிடம் என்ன சொல்வது, எப்போது சொல்வது என்பதை அண்ணனும் தங்கையும் உட்கார்ந்து முடிவு செய்தால் பாதிப் பயம் போகும்.

நண்பர்களுக்கு முதலில் பெருமைதான் வரும், என்னை நம்பிச் சொன்னானே என்று. அடுத்து ஒரு சங்கடம்: கல்லூரியில் ‘ஒம்போது’ என்று யாரையோ ஓட்டியபோது இவனும் பக்கத்தில் இருந்து சிரித்தானே, அப்போது உள்ளே என்ன நினைத்திருப்பான்? அந்தச் சங்கடத்தை வைத்துக்கொண்டு விலகிப் போகாமல், "அன்னைக்கு அப்படிப் பேசினது தப்புடா" என்று சொல்லிவிடுவது நல்லது. "என்மேல உனக்கு அந்த மாதிரி எதுவும் இல்லையே?" என்று கேட்காதீர்கள். இருந்திருந்தால் இவ்வளவு வருடத்தில் தெரிந்திருக்கும். நண்பர்களின் பெரிய பொறுப்பு ரகசியத்தைக் காப்பது. இன்னொரு நெருங்கிய நண்பனிடம்கூட, கேட்காமல் சொல்லக் கூடாது.

கல்யாணமாகிப் பல வருடம் கழித்துக் கணவன் சொல்கிறான் என்றால் மனைவியின் நிலை வேறு. "அவர ஏத்துக்கோ" என்று அவளிடம் யாரும் அறிவுரை சொல்லக் கூடாது. அவளுக்கு நடந்திருப்பது ஏமாற்றம், அவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும். அவளுக்குத் தனி ஆலோசகரும் தனி வழக்கறிஞரும் வேண்டும். இந்துத் திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் இருவரும் ஒத்துப் பிரியலாம். ஒரு வருடம் தனித்தனியாக வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்ட பிறகான ஆறு மாதக் காத்திருப்பை நீதிமன்றம் தேவைப்பட்டால் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லியிருக்கிறது. காரணத்தை ஊருக்குச் சொல்லாமலே இந்த வழியில் பிரிய முடியும்.

பிள்ளை சொன்னது பாலின அடையாளத்தைப் பற்றி என்றால், அதாவது மகன் தன்னை மகள் என்கிறார் என்றால், வீட்டுக்கு இன்னொரு வேலை சேர்கிறது. பெயர், அழைக்கும் முறை, "வந்தான்", "வந்தாள்" எல்லாம் மாற வேண்டும். இருபது வருடம் ‘டா’ போட்ட வாய் ஒரே நாளில் மாறாது. இடைக்காலத்துக்கு "வந்தாங்க", "சொன்னாங்க" என்று மரியாதைப் பன்மையில் பேசுவது பல வீடுகளுக்குக் கைகொடுக்கிறது, உறவினர் முன்னால்கூட யாருக்கும் வித்தியாசமாகப் படாது. தவறிச் சொல்லிவிட்டால் திருத்திக்கொண்டு பேச்சைத் தொடருங்கள், பெரிய மன்னிப்புப் படலம் வேண்டாம். மாற்றுப் பாலினத்தவர் பாதுகாப்புக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டம், அந்தக் காரணத்துக்காகப் பிள்ளையை வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்கிறது. தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் 2008 முதல் இருக்கிறது.

பெற்றோர் யாரிடம் பேசுவது

இந்த அனுபவம் உள்ள இன்னொரு அம்மா, இன்னொரு அப்பா. இதைவிட நல்ல மருந்து கிடையாது. நியூயார்க்கில் ஜீன் மேன்ஃபோர்டு என்ற பள்ளி ஆசிரியை 1972 ஜூனில் தன் மகன் மார்ட்டியோடு, தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகளின் பெற்றோரே ஒன்றுசேருங்கள் என்ற பொருளில் ஒரு அட்டையைப் பிடித்தபடி பேரணியில் நடந்தார். "எங்க அம்மாகிட்ட கொஞ்சம் பேசுவீங்களா?" என்று கேட்டு வழியெல்லாம் இளைஞர்கள் ஓடிவந்தார்கள். மறு வருடம் மார்ச் மாதம் ஒரு தேவாலயத்தில் சுமார் இருபது பேரோடு முதல் பெற்றோர் கூட்டம் நடந்தது. இன்று பிஃப்ளாக் என்று அறியப்படும் அமைப்பு அதிலிருந்து வளர்ந்தது. இந்தியாவில் மும்பையில் தொடங்கிய ஸ்வீகார் என்ற பெற்றோர் குழு இருக்கிறது. தன்பாலினத்தவரின் திருமண உரிமை வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்த 2023இல், 400க்கும் மேற்பட்ட பெற்றோர் அதன் வழியாகத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார்கள். சென்னையில் ஓரினம், சகோதரன் போன்ற அமைப்புகள் தமிழில் பேச ஆள் காட்டும்.

ஆலோசகரிடம் போவதென்றால், நேரம் வாங்கும் முன் போனிலேயே சோதித்துவிடலாம். "என் மகன் தன்பாலீர்ப்பு உள்ளவன்னு சொல்றான். நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். "பையனக் கூட்டிட்டு வாங்க, பேசிப் புரிய வெச்சுடலாம்" என்றால் வைத்துவிடுங்கள். "உங்களுக்கு எது கஷ்டமா இருக்குன்னு முதல்ல பேசலாம்" என்றால் போகலாம். ஆலோசனை பெற்றோருக்கு. பிள்ளைக்கு வேண்டுமென்றால் பிள்ளையே கேட்கட்டும். வீட்டில் யாருக்காவது உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்கவே வேண்டாம். டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் 14416, தமிழ்நாட்டில் 104, இரண்டும் எந்த நேரத்திலும் கிடைக்கும்.

உறவினருக்கு என்ன சொல்வது

யாருக்குச் சொல்வது, எப்போது, யார் வாயால் என்பதைப் பிள்ளையே தீர்மானிக்க வேண்டும். பெற்றோருக்கும் அதில் ஒரு சொல் உண்டு, ஏனென்றால் ஊரில் இருந்து பதில் சொல்லப்போவது அவர்கள். ஒரு நாள் உட்கார்ந்து பெயர் பெயராகப் பேசிவிடுங்கள்: தாய்மாமாவுக்குச் சொல்லலாமா, பெரியப்பாவுக்குச் சொல்லாமல் எவ்வளவு நாள் ஓட்டுவது, பாட்டிக்குச் சொல்ல வேண்டுமா. பாட்டிகளைக் குறைத்து எடைபோட வேண்டாம். "அவன் நல்லா இருந்தா சரி" என்று முதல் ஆளாகச் சொன்ன பாட்டிகள் உண்டு. சொல்லப்போவதில்லை என்று முடிவான ஆட்களுக்கு எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லப் பழக வேண்டும். அம்மா "ஜாதகத்துல தோஷம்" என்றும் அப்பா "வெளிநாடு போறான்" என்றும் சொன்னால் அத்தை இரண்டையும் சேர்த்துவைத்துக் கேள்வி கேட்பார். பொய்யில்லாத பதில் ஒன்று எப்போதும் இருக்கிறது: "இப்ப கல்யாணம் வேண்டாம்னு சொல்லிட்டான். நாங்களும் சரின்னுட்டோம்." இதற்கு மேல் கேட்டால், "அவன் வந்தா அவன்கிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு, அத்தைக்குப் பாயசம் இன்னொரு கரண்டி ஊற்றலாம்.